ஒட்டுத் தலை

அத்தியாயம் 14

பதினோரு கார்ட்டூன்களைக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு கார்ட்டூனை வாங்கி வந்திருந்தாள் மூத்தவள். போன வாரம், அவளைப் போலவே பழைய கார்ட்டூன் சேர்க்கும் மீசைக்காரர் வீட்டில் நடந்த அந்தப் பண்டமாற்றைப் பற்றி வீட்டில் யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. சொன்னால் தம்பி தலையில் அடித்துக்கொள்வான். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்த ஒற்றைப் படம்தானே அவர்கள் குடும்பத்தின் மானத்தை வாங்கியது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. மூத்தவளின் அப்பா ஒரு நாளிதழில் பதினெட்டு வருஷம் அரசியல் கார்ட்டூன் போட்டவர். அவளுக்குப் பதினோரு வயதாக இருந்தபோது, கட்டிக்கொண்டிருந்த ஆற்றுப் பாலம் ஒன்று இடிந்து விழுந்தது. கூலிக்காரர்கள் பத்தொன்பது பேர் செத்தார்கள். மறுநாள் பேப்பரில் அப்பாவின் கையெழுத்தோடு ஒரு படம் வந்தது. தலையில் துணி கட்டிய கூலிக்காரன் ஒருவன் மேஜை முன்னால் உட்கார்ந்து, பாலத்தை ரொட்டி மாதிரி பிய்த்துத் தின்கிறான். கீழே, ‘இன்னும் பசி தீரலை’ என்று ஒரு வரி. சிமெண்டைத் திருடித் தின்றது செத்துப்போனவர்கள்தான் என்று அர்த்தம்.

செத்தவர்களின் மனைவிமார்கள் அன்று வீட்டு வாசலுக்கு வந்தார்கள். யாரும் கத்தவில்லை. ஒருத்தி மட்டும் முன்னால் வந்து கதவில் காறித் துப்பிவிட்டுப் போனாள். அதைத் துடைத்தது மூத்தவள்தான்.

அதற்குப் பிறகு அப்பா கார்ட்டூன் போடவே இல்லை. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டு ஒன்பது வருஷம் இருந்தார். ஏன் அப்படி வரைந்தீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதிலே சொல்லாமல் போய்ச் சேர்ந்தார்.

மூத்தவளுக்கு இப்போது ஐம்பத்திரண்டு. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. கல்யாணம், குழந்தை என்று எதிலும் மாட்டிக்கொள்ளாமல் அம்மாவோடு இருக்கிறாள். இருபத்திரண்டு வருஷமாக அவளுக்கு இருக்கும் ஒரே பைத்தியம், பழைய பேப்பர்களில் வந்த கார்ட்டூன்களின் மூலப்படங்களைத் தேடிச் சேர்ப்பது. அச்சான பேப்பர் யாரிடமும் கிடைக்கும். அவள் தேடியது வரைந்தவன் கை பட்ட அந்தத் தாளை. அந்தக் காலத்தில் அச்சுக்கு எடுத்தபின் அந்தத் தாள்களை யாரும் சீண்டவில்லை. அச்சுக்கட்டை செய்கிறவர் வீட்டுச் சமையலறை அலமாரியில், டப்பாக்களுக்கு அடியில் விரித்துக் கிடந்த அப்பாவின் படங்கள் முப்பத்தேழை அந்த ஒரு வீட்டிலிருந்து மட்டும் எண்ணி எடுத்து வந்திருக்கிறாள். எண்ணெய்க் கறை, கரப்பான் கடித்த ஓரம், எல்லாம் சேர்த்துத்தான்.

அவ்வளவு சேர்த்தும், அந்தப் பாலத்துப் படம் மட்டும் கிடைக்காமல் இருந்தது. இப்போது அது அவள் மேஜை மேல் கிடக்கிறது.

*

அன்று காலை அவள் லீவு போட்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் தூக்கிப் போட்ட எக்ஸ்ரே பார்க்கிற விளக்குப் பெட்டி ஒன்று அவள் அறையில் இருந்தது. படத்தை அதில் வைத்துப் பார்க்கலாம் என்றால், எவனோ ஒரு புண்ணியவான் அதன் முதுகில் தடித்த காகித மட்டையை ஒட்டி வைத்திருந்தான். ஈரப் பஞ்சால் ஓரத்தை நனைத்து நனைத்து, மெல்லிய தகட்டை உள்ளே விட்டு, இரண்டு மணி நேரம் பொறுமையாக உரித்தாள். மட்டை தனியே வந்தது.

படத்தை விளக்குப் பெட்டி மேல் வைத்து சுவிட்சைப் போட்டாள்.

உடம்பு, மேஜை, பாலம் எல்லாவற்றின் வழியாகவும் வெளிச்சம் வந்தது. தலை மட்டும் கறுத்து நின்றது. தலையைச் சுற்றிச் சதுரமாக ஒரு கோடு. துண்டுக் காகிதம் ஒன்றை வெட்டி அங்கே ஒட்டியிருந்தார்கள்.

முப்பது வருஷமாக அடுத்தவர் எலும்பில் விரிசல் தேடிய கண். அவள் குனிந்து பார்த்தாள். கூலிக்காரனின் தலைத்துணிக்கு அடியில் இன்னொரு தலை மெல்லத் தெரிந்தது. வழுக்கை. காதைத் தாண்டி நீளும் கிருதா. தடித்த கண்ணாடி. அந்தக் காலத்துப் பேப்பர் படித்த எல்லாருக்கும் தெரிந்த தலை அது. பாலம் கட்டும் இலாகாவை வைத்திருந்த மந்திரியின் தலை.

அப்பா வரைந்தது மந்திரியை. பாலத்தைத் தின்றது மந்திரி. ‘இன்னும் பசி தீரலை’ என்றது மந்திரி.

அவள் படத்தைத் திருப்பினாள். இத்தனை வருஷமாக மட்டை மூடியிருந்த பின்பக்கத்தில், நீலப் பென்சிலில் பெரிய எழுத்து:

‘மந்திரி தலை வேண்டாம். கூலிக்காரன் தலை போடவும். ஆசிரியர்.’

அதற்குக் கீழே பேனாவில், மணி மணியாக, உருண்டையான சின்ன எழுத்து:

‘மாற்றியாச்சு. 7.40.’

அந்த எழுத்தை அவளுக்குத் தெரியும். அவளுடைய பள்ளிக்கூட நோட்டுகளில் எல்லாம் பெயர் எழுதிக் கொடுத்த எழுத்து. தம்பியின் கல்யாணப் பத்திரிகையில் இருந்த எழுத்து. அதே நாளிதழில், பக்கங்களை வெட்டி ஒட்டும் பிரிவில், பிளேடும் பசையுமாக உட்கார்ந்திருந்த சித்தப்பாவின் எழுத்து.

கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் கை நடுங்கும், அவளுக்கு இன்னும் நிதானமாகிவிடும். படத்தின் இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் வைத்து, நாலு பக்கமும் கிளிப் போட்டாள்.

போட்டுக்கொண்டிருக்கும்போதே சித்தப்பாவின் குரல் காதில் ஓடியது. வருஷா வருஷம் அப்பா இறந்த நாளன்று வந்து உட்கார்ந்துகொண்டு அவர் சொல்வது. “அண்ணன் ஒரு தப்பு பண்ணிட்டார். மனுஷன்தானே பாப்பா, விட்டுடு.” அதைச் சொல்லும்போது கண்ணைக் கூடத் துடைத்துக்கொள்வார்.

துடைத்துக்கொண்ட கண்ணை நோண்டி எடுக்கலாம் போல இருந்தது அவளுக்கு.

“காலையில இருந்து உள்ள என்ன பண்ணிட்டு இருக்க?” அம்மா கதவைத் தள்ளினாள். எழுபத்தாறு வயதிலும் கதவைத் தட்டும் பழக்கம் அவளுக்கு வரவில்லை.

மூத்தவள் ஒரு பழைய பேப்பரை எடுத்துக் கண்ணாடி மேல் போட்டாள். “சும்மாதான்.”

“மூணு மணிக்கு போட்டோ எடுக்க வரணும்னு உன் தம்பி சொல்லியிருக்கான். கார் அனுப்புறானாம். அந்தச் சாம்பல் கலர் போட்டுக்கட்டுமா, நீலமா?”

“எதையாவது போட்டுக்கோம்மா.”

அம்மா மேஜையைப் பார்த்தாள், உரித்துப் போட்ட மட்டையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். கேட்காமல் போவது அம்மாவின் வழக்கம் இல்லை. ஆனால் மூத்தவள் அன்று அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை.

*

விழா அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு. அப்பாவின் கார்ட்டூன் கண்காட்சி. அதே நாளிதழின் கட்டடத்தில், முன்பு அச்சு இயந்திரங்கள் இருந்த கீழ்த்தளத்தில். திறந்து வைப்பது சித்தப்பா. ஏற்பாடு தம்பி. அவன் அந்தப் பேப்பரின் நூலகத்தில் வேலை பார்க்கிறான், அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் சித்தப்பா. சுவரில் தொங்கிய அறுபது படங்களும் மூத்தவளுடையவை. இரவல் கொடுத்திருந்தாள்.

அவள் போனபோது மணி இரண்டு. தம்பி ஏணி மேல் நின்று கடைசிப் படத்தை மாட்டிக்கொண்டிருந்தான். சித்தப்பா கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, “இடது பக்கம் ஒரு நூல் தூக்குப்பா” என்று கைத்தடியால் காட்டிக்கொண்டிருந்தார். எழுபத்தெட்டு வயது. சட்டையில் ஒரு மடிப்பு கலையவில்லை.

வாசல் மேஜையில் விழா மலர் அடுக்கியிருந்தது. முன்னுரை சித்தப்பாவுடையது. நின்றபடியே படித்தாள். ‘என் அண்ணனின் நேர்மையான வாழ்க்கையில் ஒரே ஒரு சறுக்கல் உண்டு. அதை நாம் மன்னித்துவிடுவோம்.’

அவள் அந்த மலரை நாலாகக் கிழித்து மேஜை மேலேயே வைத்தாள். பிறகு நேராகப் போய், முதல் சுவரில் முதல் படத்தைக் கழற்றினாள். இரண்டாவதை. மூன்றாவதை.

“அக்கா, என்ன பண்ற?” தம்பி ஏணியிலிருந்து இறங்கினான்.

“என் படத்தை எடுத்துக்கறேன்.”

“இன்னும் மூணு மணி நேரத்துல விழா. தலைமை ஆசிரியர் வர்றார், டிவிக்காரங்க வர்றாங்க.”

“வரட்டும். காலிச் சுவரைப் படம் எடுக்கட்டும்.”

“உனக்கு என்ன ஆச்சு? யார் மேல கோபம்?”

“அதோ உட்கார்ந்திருக்காரே, அவரைக் கேளு.”

சித்தப்பா கைத்தடியைத் தரையில் ஊன்றினார். “பாப்பா, உனக்கு முன்னுரை பிடிக்கலையா? ஒரு வரியை மாத்திக்கலாம்.”

“மாத்தறதுல நீங்க கைகாரர்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்.”

அவள் பையிலிருந்து கண்ணாடிச் சட்டத்தை எடுத்தாள். நடுச் சுவரில், எல்லாப் படங்களுக்கும் நடுவில் இருந்த படத்தைக் கழற்றிவிட்டு, அந்த ஆணியில் அதைப் பின்பக்கம் தெரியும்படி மாட்டினாள். நீலப் பென்சில் எழுத்து தூரத்திலிருந்தே தெரிந்தது.

தம்பி கிட்டே போய்ப் படித்தான். மறுபடி படித்தான். அவன் கழுத்தில் நரம்பு புடைத்தது.

“இது... இது வேற யாராவது எழுதியிருக்கலாம்.”

“உன் கல்யாணப் பத்திரிகை வீட்டுல இருக்கா? எடுத்துப் பக்கத்துல வெச்சுப் பாரு.”

“சும்மா இரு அக்கா. ஒரு துண்டுப் பேப்பரை வெச்சுக்கிட்டு...”

“துண்டுப் பேப்பர்தான்டா. அந்தத் துண்டுப் பேப்பரைத்தான் அப்பா கழுத்து மேல ஒட்டினாங்க. ஸ்கூல்ல என் பக்கத்துல யாரும் உட்கார மாட்டாங்க, தெரியுமா உனக்கு? நீ அப்ப நாலு வயசு. பொணம் தின்னி மகள்னு என்னைக் கூப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டேன், ஏம்பா இப்படி வரைஞ்சீங்கன்னு. அவர் என் தலையைத் தடவிட்டு வெளிய போயிட்டார். அவர் சாகற வரைக்கும் நான் அவர்கூட சரியா பேசல. ஒன்பது வருஷம். அந்த ஒன்பது வருஷத்தை யார் திருப்பித் தருவா?”

அவள் குரல் உயரவே இல்லை. அதுதான் தம்பியைப் பயமுறுத்தியது.

“சித்தப்பா இல்லேன்னா நான் படிச்சே இருக்க மாட்டேன்,” என்றான் அவன், யாருக்கோ சாட்சி சொல்கிற மாதிரி.

“எதுக்குப் படிக்க வெச்சார்னு இப்ப புரியுதா? அது பாசம் இல்ல. பரிகாரம்.”

“உனக்கு எப்பவுமே அவரைப் பிடிக்காது. அப்பாவைத் தெய்வம் ஆக்கணும்னா இன்னொருத்தரைப் பேய் ஆக்கணும், அவ்வளவுதானே?” தம்பி நடுச் சுவரை நோக்கிப் போய்க் கண்ணாடிச் சட்டத்தின் மேல் கை வைத்தான். “இதை இன்னைக்கு இங்க மாட்ட விடமாட்டேன். நாளைக்குப் பேசிக்கலாம்.”

“கையை எடு.”

“அக்கா...”

“எடுடா கையை.”

அவன் எடுத்தான். ஐம்பது வயதை நெருங்கும் ஆள், அக்காவின் அந்தக் குரலுக்குச் சின்னப் பையன் மாதிரி பின்னால் நகர்ந்தான். அந்த அவமானத்தில் அவன் முகம் சிவந்துபோனது. ஏணியை ஓங்கி உதைத்தான். அது சரிந்து தரையில் விழுந்த சத்தம் மேல்மாடி வரை கேட்டிருக்கும்.

சத்தம் அடங்கியதும் சித்தப்பா எழுந்தார். மெல்ல நடந்துவந்து சட்டத்தின் முன்னால் நின்றார். தன் எழுத்தைத் தானே படித்தார். கட்டைவிரலால் ஆள்காட்டி விரல் நுனியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார், காய்ந்த பசையை உருட்டி எடுக்கிற மாதிரி.

“நான்தான் ஒட்டினேன்,” என்றார். “இல்லேன்னு சொல்லல.”

தம்பி சுவரில் சாய்ந்துகொண்டான்.

“ஏன்?” என்றாள் மூத்தவள்.

“மந்திரி வீட்டுல இருந்து போன் வந்துடுச்சு. தலையை மாத்தலேன்னா நாளையில இருந்து அண்ணனும் வேண்டாம், நானும் வேண்டாம்னு ஆசிரியர் சொல்லிட்டார். அண்ணன் ஆபீஸ்ல இல்ல. பாலத்துக்கிட்ட போய் நின்னுட்டு இருந்தார், பொணத்தை எடுக்கறதைப் பார்த்துக்கிட்டு. அங்க போன் ஏது.”

“அதனால அவர் கையெழுத்துக்கு மேல உங்க இஷ்டத்துக்கு ஒரு தலையை ஒட்டிட்டீங்க. வேலை மிஞ்சிச்சா? நீங்க இருபது வருஷம் அதே நாற்காலியில உட்கார்ந்தீங்க. அவர் பலகை எழுதினார்.”

“அவரே விட்டார். யாரும் அனுப்பல.”

“நீங்க ஒட்டின தலைதானே அவரை அனுப்பிச்சது. அதுக்கப்புறம் வருஷா வருஷம் வீட்டுக்கு வந்து, எங்க சோத்தைத் தின்னுட்டு, அண்ணன் தப்பு பண்ணிட்டார்னு எப்படி சொல்ல வாய் வந்தது உங்களுக்கு? அதை மட்டும் சொல்லுங்க. ஒட்டினதை விடுங்க, பயத்துல ஒட்டினீங்க. நாற்பத்தோரு வருஷம் அந்தப் பொய்யைக் காப்பாத்தினீங்களே, அது எந்த பயம்?”

கேட்டும் அவளுக்கு ஆறவில்லை. கழற்றிய படங்களைச் சுவரோரம் அடுக்கத் தொடங்கினாள். பத்து. பதினைந்து. தம்பி தடுக்கவில்லை. இருபதாவது படத்தை அவனே கழற்றி அவளிடம் நீட்டினான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.

“பாப்பா,” என்றார் சித்தப்பா பின்னாலிருந்து. “நான் யாரையும் கேட்காம ஒட்டல.”

அவள் இருபத்தொன்றாவது படத்தைக் கழற்றினாள்.

“ஆபீஸ்ல இருந்து சைக்கிளை எடுத்துக்கிட்டு உங்க வீட்டுக்குத்தான் வந்தேன். அண்ணன் வந்திருந்தா அவரையே கேட்டுக்கலாம்னு. அவர் வரல. வீட்டுல ஆள் இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். ஒட்டிடுங்கன்னு பதில் வந்தது. அதுக்கப்புறம்தான் பிளேடை எடுத்தேன்.”

“வீட்டுல யார் இருந்தா?” என்றான் தம்பி.

சித்தப்பா வாசல் பக்கம் பார்த்தார்.

அங்கே அம்மா நின்றுகொண்டிருந்தாள். நீல உடுப்பு. தலையை வாரி, பவுடர் போட்டு, போட்டோவுக்குத் தயாராக. மூன்று மணிக் கார் சீக்கிரமே வந்துவிட்டது போல. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

அம்மா யாரையும் பார்க்காமல் நடுச் சுவருக்கு வந்தாள். கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஆசிரியரின் வரியைப் படித்தாள். சித்தப்பாவின் வரியைப் படித்தாள். சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆணியிலிருந்து எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். ஒட்டின தலைக்குப் பின்னால் மந்திரியின் கண்ணாடி தெரிந்தது.

“இவ்வளவு நல்லா வந்திருந்ததா,” என்றாள். “நான் பார்க்கவே இல்ல.”

மூத்தவளுக்குப் புரிந்துவிட்டது. காலையில், அப்பா தன் தம்பிக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்று நினைத்தாள். அந்த நினைப்பிலாவது ஒரு ஆறுதல் இருந்தது, கோபப்பட வெளியில் ஒரு ஆள் இருந்தார். இப்போது கோபம் போக இடமில்லாமல் அவளையே சுற்றிச் சுற்றி வந்தது. இருபத்திரண்டு வருஷம் ஊர் ஊராக அலைந்து இந்தப் படத்தைத் தேடினாள். பதில் அடுத்த அறையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

“நீயாம்மா?”

“ஆமா.”

“நீயா ஒட்டச் சொன்ன?”

“நான்தான் சொன்னேன்.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“அன்னைக்கே தெரியும். வீட்டுக்குள்ள வந்ததும் நானே சொல்லிட்டேன்.” அம்மா சட்டத்தை மறுபடி ஆணியில் மாட்டினாள். இந்தத் தடவை முன்பக்கம் தெரியும்படி. ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது, அதைச் சரி செய்தாள். “அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.”

“அந்தப் பொம்பளைங்க வாசல்ல வந்து நின்னாங்களே. நீ உள்ள இருந்தியேம்மா. கதவைத் துடைக்கச் சொல்லி என்கிட்டதானே துணியைக் கொடுத்த.” மூத்தவளின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. “பதினோரு வயசு எனக்கு.”

“ஞாபகம் இருக்கு.”

“ஏன் சொன்ன? வேலை போயிடும்னா? மந்திரிக்குப் பயந்தா?”

“அது சித்தப்பாவுக்கு இருந்த பயம்,” என்றாள் அம்மா. “என் பயம் வேற.”

சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார். அவருக்கே அது புதுச் செய்தி என்று அவர் முகம் சொன்னது.

அம்மா கண்ணாடியைக் கழற்றி, மடக்கி, பையில் வைத்தாள்.

“எனக்கு ஒரு நாற்காலி போடு. கோபப்படாம கேளுன்னு நான் சொல்லப் போறதில்ல. யாராவது ஒருத்தர் கோபப்படணும்னுதான் இத்தனை வருஷமா காத்துக்கிட்டு இருந்தேன். நீ கோபப்பட்டுக்கிட்டே கேளு.”

மூத்தவள் அசையவில்லை. தம்பிதான் போய் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான்.